ஹோமுக்கு கேக் வாங்கிட்டுப் போனா ஏன் தயங்கறாங்க? கிறிஸ்துமஸ் தானத்துக்குப் பின்னாடி இருக்கற சட்டம், வரி, கணக்கு

டிசம்பர் பொறந்தா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரே மாதிரி பேச்சு ஓட ஆரம்பிச்சிடும். "இந்த வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒரு ஹோமுக்குப் போய் சாப்பாடு போடலாம், ஆளுக்கு ரெண்டாயிரம் ஜிபே பண்ணிடுங்க." எல்லாரும் தம்ஸ் அப் போட்டுடுவாங்க. அப்புறம் அந்த ஹோமுக்கு, அதாவது குழந்தைங்க இல்லத்துக்குப் போன் பண்ணினா அங்கருந்து வர்ற பதில்தான் குழப்பம். வெளில சமைச்ச சாப்பாடு வேண்டாம், பிள்ளைங்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, 25ம் தேதி ஏற்கெனவே புக் ஆயிடுச்சு, கனடால இருக்கற உங்க அக்கா பணத்தை நாங்க வாங்க முடியாது, ரசீது உடனே தர்றோம் ஆனா வரி சர்டிபிகேட் மே மாசம்தான் வரும். கொடுக்கத்தானே வர்றோம், இதுக்கு எதுக்கு இத்தனை கண்டிஷன்னு கோவம் வர்றது சகஜம்தான்.

ஆனா அந்தக் கண்டிஷன் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு சட்டமோ ஒரு கெட்ட அனுபவமோ இருக்கு. நம்ம பழக்கம் கொடுக்கறவங்க பக்கத்துல இருந்து வளர்ந்தது. நமக்கு எப்போ லீவு, நம்ம பிள்ளைங்க என்ன கத்துக்கணும், நமக்கு எதுல மனசு நிறையும், இதைத்தான் பாத்து பண்றோம். சட்டம் எழுதினது வாங்கறவங்க பக்கத்துல நின்னு. இந்த ரெண்டும் எங்கெங்க இடிக்குதுன்னு ஒண்ணொண்ணா பாத்தா குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துடும்.

முதல்ல, கொடுக்கறதுல எத்தனை வகை

பண்டிகை சமயத்துல ஒரு குடும்பம் கொடுக்கறது எல்லாத்தையும் ஒரே பேர்ல சேர்த்துடறோம். சட்டத்துக்கும் வரிக்கும் அது மூணு வேற விஷயம்.

1. பங்கு வைக்கறது. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம், ரெண்டு துண்டு பிளம் கேக், இதைத் தட்டுல வச்சு மேல ஒரு துணி போட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இது இல்லாம கிறிஸ்துமஸே இல்ல. தட்டு காலியா திரும்பாது, கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் தருவாங்க, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அதே தட்டு எதிர்த் திசைல வரும். இது தானம் இல்ல, உறவு. இதுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, இருக்கவும் வேண்டாம்.

2. சபைக்குக் கொடுக்கறது. தசமபாகம், காணிக்கைக் கவர், கேரல் ரவுண்ட்ஸ் வர்ற பசங்க நீட்டற உண்டியல். பழைய வீடுகள்ல பிடி அரிசின்னு ஒண்ணு உண்டு. தினமும் உலை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானைல போட்டுட்டு வந்து, அதைக் கோயிலுக்குக் கொண்டு போய்க் கொடுப்பாங்க. காஞ்சி மடத்துப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் இதே யோசனைதான், மிசோரம் சபைகள்ல இன்னிக்கும் இந்தப் பழக்கம் பெருசா நடக்குது. இல்லாதவங்களும் கொடுக்க முடியறதுதான் இதோட அழகு.

3. முன்பின் தெரியாதவங்களுக்குக் கொடுக்கறது. ஹோம், முதியோர் இல்லம், தெருவுல இருக்கறவங்க, ஆஸ்பத்திரி செலவுக்குக் கேக்கறவங்க. குழப்பம் மொத்தமும் இங்கதான் இருக்கு, இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பத்திதான்.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு டிசம்பர்ல கொடுக்கற சேலையும் ஒரு மாசச் சம்பளமும் எந்த வகைன்னு சிலர் கேக்கலாம். என்னைக் கேட்டா அது தானக் கணக்குலயே வரக் கூடாது. போனஸ் சட்டம் வீட்டு வேலைக்குச் செல்லாதுங்கறதால அது தானம் மாதிரி தெரியுது, அவ்வளவுதான். வருஷம் பூரா பாத்த வேலைக்கு உண்டான பாக்கி அது.

டிசம்பர்னா ஏன் இவ்வளவு கூட்டம்

கிறிஸ்துமஸ்னாலே கொடுக்கறதுன்னு ஆனது ரொம்பப் பழைய கதை. இன்னிக்கு துருக்கில இருக்கற மீரா ஊர்ல 4ம் நூற்றாண்டுல இருந்த நிக்கோலஸ் பிஷப், ஒரு ஏழை அப்பாவோட மூணு பொண்ணுங்க கல்யாணத்துக்காக ராத்திரில யாருக்கும் தெரியாம பொன் மூட்டை போட்டுட்டுப் போனார்னு சொல்ற கதைதான் சான்டாவுக்கு வேர். இங்கிலாந்துல டிசம்பர் 26 வேலைக்காரங்களுக்கும் ஏழைங்களுக்கும் பரிசுப் பெட்டி கொடுக்கற நாளாச்சு. அமெரிக்காவுல 1891ல சான் ஃபிரான்சிஸ்கோவுல சால்வேஷன் ஆர்மி கேப்டன் ஜோசப் மெக்ஃபீ, ஏழைங்களுக்கு கிறிஸ்துமஸ் விருந்து போட நினைச்சு படகுத்துறை பக்கத்துல ஒரு சட்டியைத் தொங்க விட்டு காசு சேர்த்தார், அந்தச் சிவப்புச் சட்டி இன்னிக்கும் அங்க கடைத்தெருவுல தொங்குது.

கவனிச்சுப் பாருங்க, நிக்கோலஸ் கதைல வாங்கினவங்களுக்குக் கொடுத்தவர் யாருன்னே தெரியக் கூடாதுங்கறதுதான் விஷயம். வலது கை செய்யறதை இடது கை அறியக் கூடாதுன்னு மத்தேயு 6ம் அதிகாரமும் அதைத்தான் சொல்லுது. அங்கருந்து கிளம்பி நாம எப்படி பேனர் பிடிச்சு குரூப் போட்டோவுக்கு வந்து சேர்ந்தோம்ங்கறது தனியா ஆராய வேண்டிய விஷயம்.

ஹோம்னா சட்டப்படி என்ன

வாசல்ல போர்டு மாட்டின கட்டடம் எல்லாம் ஹோம் ஆகாது. 18 வயசுக்குக் கீழ உள்ள, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தைங்களை வச்சிருக்கற எந்த இடமும் 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தோட 41வது பிரிவுப்படி பதிவு பண்ணியிருக்கணும். அரசு பணம் வாங்கினாலும் சரி, வாங்காட்டாலும் சரி. பதிவு 5 வருஷத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்கணும். பதிவு பண்ணாம நடத்தினா 42வது பிரிவுல ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லன்னா ரெண்டும். இது போக தமிழ்நாட்டுல பெண்கள், குழந்தைகள் விடுதி, இல்லங்களுக்குன்னு 2014ல தனிச் சட்டமும் வந்துது.

இந்தச் சட்டம் இவ்வளவு கெடுபிடியா இருக்கறதுக்கு நம்ம ஊரும் ஒரு காரணம். மாமல்லபுரம் பக்கத்து இல்லங்கள்ல குழந்தைங்களுக்கு நடக்கற பாலியல் கொடுமை பத்தி வந்த பத்திரிகைச் செய்தி 2007ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. "தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டல்"னு வழக்கோட பேர்லயே நம்ம மாநிலம் இருக்கு. பத்து வருஷம் நடந்து 2017 மே 5ம் தேதி தீர்ப்பு வந்துது, நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா. அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள நாட்டுல இருக்கற எல்லா குழந்தைகள் இல்லத்தையும் பதிவு பண்ணி முடிக்கணும்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் வெளிய வந்த மத்திய அரசு கணக்கெடுப்புல நாடு முழுக்க 9,500க்கும் மேல இல்லங்கள் இருந்துச்சு, கணக்கெடுத்த சமயத்துல அதுல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் இளைஞர் நீதிச் சட்டத்துல பதிவாகி இருந்துச்சு.

அதே கணக்கெடுப்புல இன்னொரு விஷயமும் வெளிய வந்துது. இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்க எல்லாரும் அப்பா அம்மா இல்லாதவங்கன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், உண்மைல அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் உயிரோட இருக்கற பிள்ளைங்கதான் அதுல பெரிய கூட்டம். வறுமை, குடி, அம்மா மட்டும் தனியா சம்பாதிக்கற குடும்பம், இதுதான் அவங்களை அங்க கொண்டு வந்து விட்டது. இது ஏன் முக்கியம்னு கடைசில வரேன்.

ஹோமுக்குப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி: பதிவுச் சான்றிதழ் எப்போ வரை செல்லும், பிள்ளைங்க குழந்தைகள் நலக் குழு (எந்தப் பிள்ளை எங்க இருக்கணும்னு முடிவு பண்ற மாவட்டக் குழு) உத்தரவு மூலமாத்தான் வந்திருக்காங்களா. நல்லா நடத்தறவங்க இதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, சுவத்துலயே ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. சந்தேகமா இருந்தா கலெக்டர் ஆபீஸ் கீழ வர்ற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல கேக்கலாம். உள்ள ஏதாவது தப்பாத் தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098.

போட்டோ ஏன் கூடாது

இதுலதான் அதிகமா சண்டை வருது. "நாங்க என்ன தப்பா பண்றோம், கேக் வெட்டறதைத்தானே எடுக்கறோம்" அப்படிங்கறாங்க.

இளைஞர் நீதிச் சட்டத்தோட 74வது பிரிவு பராமரிப்பு தேவைப்படற குழந்தையோட பேர், முகவரி, படிக்கற ஸ்கூல், அடையாளம் தெரியற மாதிரி எந்த விவரமும் வெளிய வரக் கூடாது, படமும் போடக் கூடாதுன்னு சொல்லுது. பத்திரிகை, டிவி மட்டும் இல்ல, வேற எந்தத் தகவல் தொடர்பு வழியும்னு சேர்த்தே எழுதியிருக்கு, அப்போ உங்க ஸ்டேட்டஸ், ரீல்ஸ் எல்லாம் அதுல வந்துடும். தண்டனை 6 மாசம் வரை ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும்.

காரணம் ரொம்ப நடைமுறையானது. அங்க இருக்கற ஒரு பொண்ணு போக்சோ (குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றம்) கேஸ்ல சாட்சியா இருக்கலாம். ஒரு பையன் கொத்தடிமைல இருந்து மீட்டுட்டு வந்தவனா இருக்கலாம். அடிக்கற அப்பா தேடிட்டு இருக்கலாம். நீங்க போடற படத்துல முகமும் இருக்கு, பின்னாடி சுவத்துல ஹோம் பேரும் இருக்கு, லொகேஷன் டேகும் இருக்கு. தேடறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும். அப்படி எந்த ஆபத்தும் இல்லாத பிள்ளைன்னே வச்சுக்கோங்க, பத்து வருஷம் கழிச்சு காலேஜ்ல கூடப் படிக்கறவன் கைல அந்தப் படம் கிடைச்சா, அன்னிக்கு சிரிச்சுட்டு கேக் வாங்கின பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இதோட சேர்ந்த இன்னொரு கோரிக்கை, "பண்டிகை அன்னிக்கு ஒரு பிள்ளையை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டு வந்து விடறோம்." எண்ணம் நல்லதுதான், ஆனா ஹோம் நடத்தறவங்களுக்கு அப்படி அனுப்ப அதிகாரமே கிடையாது. பிள்ளை வெளிய போகணும்னா நலக் குழு அனுமதி வேணும், அதுவும் பரீட்சை, சொந்தக்காரங்க கல்யாணம், சாவு மாதிரி காரணங்களுக்கு, பொதுவா ஒரு தடவைக்கு 7 நாளுக்கு மிகாம. முன்ன பின்ன தெரியாத குடும்பத்தோட ஒரு நாள் அனுப்பறதுக்கு அதுல இடம் இல்ல. உண்மைலயே ஒரு குழந்தையைக் கொஞ்ச காலம் வச்சு வளர்க்கணும்னா அதுக்கு வளர்ப்புப் பராமரிப்புன்னு 44வது பிரிவுல வழி இருக்கு, விசாரணை பண்ணித்தான் தருவாங்க.

சாப்பாடும் துணியும்: எது பாரம் ஆகுது

பெரும்பாலான ஹோம்ல ஒரு ரேட் அட்டை இருக்கும். காலை டிபன் இவ்வளவு, மதியச் சாப்பாடு இவ்வளவு, ஸ்பெஷல் சாப்பாடு இவ்வளவு. பணம் கட்டினா அவங்க கிச்சன்லயே சமைச்சு உங்க பேர்ல போடுவாங்க, பிள்ளைங்க ஜெபமும் பண்ணுவாங்க. வெளில இருந்து கொண்டு வர்ற பிரியாணி வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம், ஒருத்தர் காலைல பத்து மணிக்கு அண்டால அடைச்சது மதியம் ரெண்டு மணிக்கு என்ன நிலைமைல இருக்கும்னு யாருக்கும் தெரியாது, அம்பது பிள்ளைக்கு ஒரே ராத்திரில வயித்தால போனா பதில் சொல்ல வேண்டியது வார்டன்தான். விசேஷத்துல மீந்த சாப்பாட்டைக் கொடுக்கறதுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல தனி விதிமுறை போட்டிருக்கு, மீந்ததுதானேன்னு தள்ளி விடற காலம் போச்சு.

கேக் கதை வேற மாதிரி. 27ம் தேதி ஒரு ஹோம் ஸ்டோர் ரூமைத் திறந்து பாத்தா நிலைமை புரியும். ஒரு பக்கம் அரை கிலோ, ஒரு கிலோ கேக் பாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா, கீழ இருக்கற பாக்ஸ் அமுங்கி ஐசிங் அட்டைல ஒட்டிப் போய், ஓரமா எறும்பு வரிசை. மறுபக்கம் துவரம் பருப்பு டின்னு அடி தட்டும். அதுக்கும் மேல, அரையாண்டு லீவுல அம்மாவோ பாட்டியோ இருக்கற பிள்ளைங்க ஊருக்குப் போயிடறதால பல இடத்துல 25ம் தேதி பிள்ளைங்க எண்ணிக்கையே கம்மியாத்தான் இருக்கும். கொடுக்கறவங்க கூட்டம் உச்சத்துல இருக்கற நாள்லதான் சாப்பிடறதுக்கு ஆள் கம்மி.

துணி விஷயத்துல தமிழ்நாட்டுக்கு மறக்கக் கூடாத அனுபவம் ஒண்ணு இருக்கு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் காலைல சுனாமி வந்துது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்கு வந்தவங்களும் அதுல உண்டு. நாடே பதறிப் போய் லாரி லாரியா அனுப்பிச்சுது, அதுல பழைய துணி நிறைய. மீனவ ஜனங்க அதைத் தொடக்கூட இல்ல, அவங்க அதுவரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டாம கடல்ல உழைச்சுத் தின்னவங்க, அடுத்தவங்க உடுத்திப் போட்ட துணியை எதுக்கு உடுத்தணும்? ரோட்டோரம் குவியல் குவியலா துணி மழைலயும் மண்ணுலயும் கிடந்து மக்கிச்சு. அந்த மலையைத் தரம் பிரிக்கற வேலையைப் பின்னாடி கூஞ்ச் மாதிரி அமைப்பு எடுத்துப் பண்ண வேண்டியதாப் போச்சு. வீட்டைக் காலி பண்றதும் தானம் பண்றதும் ஒண்ணுன்னு நினைக்கறதோட விளைவு இது. புதுத் துணி எடுத்துத் தரணும்னா அளவு கேட்டு எடுங்க, பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணுங்களுக்கு உள்ளாடையும் நாப்கினும் யாருமே வாங்கித் தர்றதில்ல, கேட்டா வார்டன் முதல்ல சொல்றது அதுவாத்தான் இருக்கும்.

வரிச் சலுகை: 80ஜி உண்மைல எவ்வளவு மிச்சம் பண்ணும்

"80ஜி இருக்கு சார், முழுசா வரி கழிச்சுக்கலாம்"னு நோட்டீஸ்ல போடறாங்க. 80ஜிங்கறது தானம் கொடுத்தவங்களுக்குச் சலுகை தர்ற வருமான வரிச் சட்டப் பிரிவு. ஆனா முழுசாங்கறது அரைகுறைத் தகவல். வரிசையாப் பாப்போம்.

1. பழைய வரி முறைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். 2023-24ல இருந்து புது முறைதான் தானா வர்றது, நீங்க தனியா பழசைத் தேர்ந்தெடுக்கலன்னா 80ஜி கிடையாது. இங்கயே நிறைய பேருக்கு இந்தப் பேச்சு முடிஞ்சுது.

2. கழியறது வருமானத்துல, வரில இல்ல. சாதாரண டிரஸ்டுக்குக் கொடுத்தா கொடுத்ததுல பாதி. நீங்க 10,000 கொடுத்தா 5,000 உங்க வருமானத்துல குறையும். நீங்க 20 சதவீத ஸ்லாப்னா மிச்சம் 1,000, செஸ்ங்கற கூடுதல் வரி 4 சதவீதம் சேர்த்து 1,040 ரூபாய். பத்தாயிரம் முழுசாத் திரும்பி வராது. அதுக்கும் மேல இந்த வகைல மொத்தமா உங்க சரிக்கட்டின வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும்தான் கணக்கு. முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி மாதிரி சில நிதிகளுக்கு நூத்துக்கு நூறு கழியும்.

3. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கழியாது. யுபிஐ, செக், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க.

4. பொருளுக்குக் கிடையாது. அரிசி மூட்டை, போர்வை, கேக், வாஷிங் மெஷின், எதுக்கும் இல்ல, கடை பில் இருந்தாலும் இல்ல. பணம் மட்டும்தான்.

5. ரசீது மட்டும் போதாது. நீங்க கொடுத்த விவரத்தை டிரஸ்ட் 10பிடி ஃபாரத்துல வருமான வரித் துறைக்குச் சொல்லணும், அதுல இருந்து வர்ற 10பிஇ சர்டிபிகேட்தான் செல்லும். அதுக்குக் கெடு அந்த நிதியாண்டு முடிஞ்சு மே 31. டிசம்பர்ல கொடுத்துட்டு ஜனவரில சர்டிபிகேட் கேட்டு நச்சரிக்கறதுல அர்த்தமே இல்ல. கொடுக்கும்போதே பான் நம்பரைக் கொடுத்துடுங்க, இல்லன்னா உங்க பேரை ஏத்தறதுல சிக்கல் வரும்.

6. சபைக் காணிக்கைக்கும் தசமபாகத்துக்கும் பொதுவா இது கிடையாது. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதிக்கோ மட்டும்னு இருக்கற அமைப்பு 80ஜிக்குள்ள வராது. கேரல் ரவுண்ட்ஸ் உண்டியல்ல போட்டதும் அப்படித்தான். அதே சபை தனியா ஒரு பொதுத் தொண்டு டிரஸ்ட் வச்சு 80ஜி வாங்கியிருந்தா அந்த டிரஸ்ட் அக்கவுன்ட்டுக்குக் கொடுத்தா கிடைக்கும். தனி ஆள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆப் வழியா அனுப்பறதும் இதுல சேராது.

2026 ஏப்ரல் 1ல இருந்து 2025ம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டம் அமலுக்கு வர்றதால இந்தப் பிரிவு எண்கள் மாறுது, ரசீதுல 80ஜின்னு இல்லாம வேற எண் போட்டிருந்தா பதற வேண்டாம்.

ஆயிரத்து நாப்பது ரூபாய்க்காக யாரும் தர்மம் பண்றதில்லதான். ஆனா 80ஜி பதிவு இருக்கான்னு பாக்கறதுல வேற ஒரு பலன் உண்டு, கணக்கு தாக்கல் பண்ற இடமான்னு தெரிஞ்சுடும். பர்சனல் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்ற ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் அந்த இடத்துலயே வடிகட்டிப் போயிடும்.

வெளிநாட்டு அக்கா பணம் ஏன் வாங்க மாட்டேங்கறாங்க

எஃப்சிஆர்ஏன்னு சொல்ற 2010ம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்தான் காரணம். இதுல பாக்கறது எந்த நாட்டுல இருக்கீங்கங்கறது இல்ல, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்ங்கறது.

துபாய்ல வேலை பாக்கற தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கான், தன் சம்பளத்துல இருந்து பேங்க் மூலமா அனுப்பறான்னா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. கனடா குடியுரிமை வாங்கிட்ட அக்கா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்குத் தர்றது) இருந்தாலும் அப்படித்தான். லீவுக்கு வந்திருக்கும்போது ரூபாயா கைல கொடுத்தாலும் சட்டத்தோட பார்வைல அதேதான். அதை வாங்கணும்னா ஹோமுக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இருக்கணும், பணமும் முதல்ல டெல்லில இருக்கற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல உள்ள அக்கவுன்ட்டுக்குத்தான் போகணும், இது 2020 திருத்தத்துல வந்த விதி. சாத்தான்குளத்துல இருக்கற ஒரு சின்ன ஹோமுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? அதனாலதான் வேண்டாம்னு சொல்லிடறாங்க. தப்பு நடந்தா மாட்டறது அக்கா இல்ல, ஹோம்.

அக்கா அம்மாவுக்குப் பணம் அனுப்பறது வேற கணக்கு, நெருங்கிய சொந்தத்துக்குள்ள வருஷத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டாம்னு 2022ல மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி 1 லட்சம்தான். ஆனா ஹோமுக்குன்னே சொல்லி அம்மா அக்கவுன்ட்டுக்கு அனுப்பி அங்கருந்து திருப்பி விடற குறுக்கு வழி வேண்டாம், சிக்கல் வந்தா ஹோம் நடத்தறவங்க தலைலதான் விடியும்.

இந்தச் சட்டம் எவ்வளவு பெரிய ஆளையும் உலுக்கும்ங்கறதுக்கு உதாரணம் 2021. அன்னை தெரசா ஆரம்பிச்ச மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியோட எஃப்சிஆர்ஏ புதுப்பிப்பை உள்துறை அமைச்சகம் மறுத்துச்சு, மறுத்த தேதி டிசம்பர் 25. ரெண்டு நாள் கழிச்சு அக்கவுன்ட் எல்லாம் முடக்கிட்டாங்கன்னு மம்தா பானர்ஜி சொல்ல, நாங்க முடக்கல, அவங்களே பேங்க்ல நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்கன்னு அமைச்சகம் சொல்லுச்சு. ஜனவரி முதல் வாரத்துலயே பதிவு திரும்பக் கிடைச்சிடுச்சு. அவ்வளவு பேர் பெத்த சபைக்கே இந்த நிலைமைன்னா சின்ன ஹோம் பயப்படறதுல ஆச்சரியம் இல்ல.

அப்போ எப்படித்தான் கொடுக்கறது

ஹோமோட செலவு மாசா மாசம் வர்றது. கரன்ட் பில், கேஸ், சமையல்காரம்மா சம்பளம், வார்டன் சம்பளம், ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ஷூவும் நோட்டும் பேக்கும். வருமானம் மட்டும் பண்டிகைக்கும் பிறந்த நாளுக்கும்னு துண்டு துண்டா வருது. டிசம்பர்ல 12,000 கேக்குக்கும் பிரியாணிக்கும் போடற குடும்பம் அதையே மாசம் ஆயிரமா ஆட்டோ டெபிட் போட்டா, பணம் அதேதான், ஆனா அவங்களுக்கு ஜூலைலயும் ஆகஸ்ட்லயும் மளிகைக்குக் கடன் சொல்ல வேண்டியது இல்ல. பிள்ளைங்களுக்குக் கொடுக்கற பழக்கம் வரணும்னா அவங்க பாக்கெட் மணில இருந்து ஒரு பங்கு இதுல சேரட்டும், ஹோம் பிள்ளைங்களைப் பாக்கக் கூட்டிட்டுப் போய்த்தான் கத்துக் கொடுக்கணும்னு இல்ல. அங்க இருக்கறவங்களும் பிள்ளைங்கதான், பாடம் நடத்தற பொருள் இல்ல.

முன்னாடி சொன்ன விஷயத்துக்கு இப்போ வரேன். நிறைய பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்காங்க, வளர்க்கத்தான் காசு இல்ல. இளைஞர் நீதிச் சட்டமே பிள்ளையை இல்லத்துல வைக்கறது கடைசி வழியாத்தான் இருக்கணும்னு சொல்லுது. அதனால அரசுப் பணமும் இப்போ மெல்ல குடும்பத்துப் பக்கம் திரும்புது. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல தகுதியான பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை, தமிழ்நாட்டுல 2025 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அன்புக்கரங்கள் திட்டத்துல பெற்றோரை இழந்த, ஆதரவு இல்லாத குழந்தைங்களுக்கு மாசம் 2,000. ஒரு அம்மா கைல மாசம் நாலாயிரம் இருந்தா அந்தப் பிள்ளை ஹோமுக்கே வராம இருக்கலாம்.

தனி ஆளும் இதைச் செய்யலாங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. இளைஞர் நீதிச் சட்டத்தோட 45வது பிரிவுல தனி ஆள் ஒரு குழந்தைக்கு ஆதரவு தர்றது, நாலஞ்சு பேர் குழுவாச் சேர்ந்து தர்றது, ஊரே சேர்ந்து தர்றது, மூணுக்கும் இடம் இருக்கு. உங்க ஃபேமிலி குரூப்ல பத்து வீடு இருந்தா ஆளுக்கு மாசம் நானூறுல ஒரு பிள்ளையோட நாலாயிரம் வந்துடும். யாருக்குத் தேவைன்னு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல கேட்டாத் தெரியும். அதுக்கும் முன்னாடி உங்க தெருவுலயே, உங்க சபைலயே, புருஷன் போய்ச் சேர்ந்து ரெண்டு பிள்ளையோட தையல் மெஷினை ஓட்டிட்டு இருக்கற ஒரு அக்கா இருப்பாங்க, அவங்களுக்கு இந்தத் திட்டம் இருக்கறதே தெரிஞ்சிருக்காது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ், பிள்ளைங்க படிப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கூடப் போய்ட்டு வாங்க. ஒரு நாள் லீவு போடணும், பஸ் காசும் ஜெராக்ஸ் காசும் ஆகும்.